வனிலாக் கொடியும் ஒரு சிறுவனின் கையும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "குழந்தைகளின் பிறந்த நாளில் கேக் செய்யும்போது சிறு புட்டியிலிருந்து இரண்டு சொட்டு வனிலா எஸென்ஸ் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தத் தடவை என் பெண், 'அம்மா, வனிலா என்பது மரமா, செடியா, வேரா?' என்று கேட்டுவிட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அது ஒரு தாவரமாயின், வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கலாமா என்பதையும் தாங்கள் தெரிவிக்க வேண்டும்."

அந்தக் குழந்தையின் கேள்வி சிறந்த கேள்வி. நாம் இருபது வருஷங்களுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கேள்விகளுக்கு நடுவே காலம் கழித்து வருகிறோம். பெரியவர்கள் ஒரு பொருளைக் கண்டால் அதன் விலையைக் கேட்கிறார்கள். குழந்தைகளோ அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். இவ்வாரம் அந்தச் சிறுமிக்கே விடை சொல்வதாக வைத்துக்கொண்டு எழுதுகிறோம்.

முதலில் அந்தப் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எஸென்ஸில் பெரும்பாலும் வனிலாக் காயின் சம்பந்தமே இராது. அதில் உள்ளது வனிலின் என்னும் ரசாயனப் பொருள். 1874-ஆம் வருஷத்தில் டீமன், ஹார்மன் என்ற இரு ஜெர்மானிய ரசாயன சாஸ்திரிகள், ஊசியிலை மரச் சாற்றில் கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார்கள். பிற்காலத்தில் கிராம்பு எண்ணெயிலிருந்தும், காகித ஆலைக் கழிவிலிருந்தும் அதைச் செய்தார்கள். இப்பொழுது கச்சா எண்ணெயிலிருந்து பெறும் பொருள்களைக் கொண்டே பெரும்பகுதி செய்யப்படுகிறது. இதைத் தீங்கென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் உண்மையான வனிலாக் காயில் வனிலினோடுகூட இன்னும் இருநூறுக்கு மேற்பட்ட மணப்பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒற்றைத் தந்தியை மீட்டுவதற்கும் வீணைக் கச்சேரிக்கும் உள்ள வித்தியாசந்தான் இரண்டுக்கும்.

அந்த உண்மையான வனிலா மரமன்று, செடியன்று, வேருமன்று. அது ஒரு கொடி. எந்தக் காலத்திலும் இலையுதிராமல் பசுமையாக நிற்கும் கொடி. ஆர்க்கிட் என்று சொல்லப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் 25,000-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவற்றை மனிதர் அழகுக்காகவே வளர்க்கிறார்கள். உணவுப் பொருளுக்காக உலகெங்கும் பெரிய அளவில் பயிராவது வனிலா ஒன்றுதான். மிளகுக் கொடியைப் போல் மரத்தைப் பற்றி ஏறும். தண்டும் இலையும் பிரண்டையைப் போல் சதைப்பற்று உடையவை. தண்டு விரல் பருமன் இருக்கும். கணுவுக்கு ஓர் இலை. அந்த இலைக்கு எதிர்ப்புறத்தில் வெண்மையான ஒரு வேர் வெளியே நீண்டு மரப்பட்டையைப் பிடித்துக்கொள்ளும்.

நம் வீட்டில் இக்கொடி வந்து சேர்ந்த வரலாற்றைச் சொன்னால், இதை வளர்க்க எண்ணும் அன்பர்களுக்கு அஃது ஒரு பாடமாகவும் இருக்கும்.

வனிலா மிகுதியாக விளைவது மடகாஸ்கர் தீவில். 2000-ஆம் வருஷத்தில் அங்கே பெரும் புயல்கள் அடித்துத் தோட்டங்கள் அழிந்தன. உலகச் சந்தையில் காய்க்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. விலை ஏறிக்கொண்டே போயிற்று. 2003-ஆம் வருஷத்தில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பச்சைக் காய் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. நம் பொள்ளாச்சி, ஆனைமலை, கூடலூர்ப் பக்கங்களிலும் தென்னைக்கும் பாக்குக்கும் இடையே வனிலாவை ஏற்றினார்கள். ஒரு முழக் கொடிக்கு விலை பேசினார்கள். இரவில் நாயும் விளக்குமாகக் கொடியைக் காவல் காத்தவர்களும் உண்டு. ஆனால் புயலில் போன தோட்டங்கள் எப்பொழுதும் போனபடியே இருக்குமா? மடகாஸ்கரில் மறுபடி காய் வந்தது. விலை ஏறியதைக் கண்டு பலகாரம் செய்யும் பெரிய கம்பெனிகளும் செயற்கை வனிலினுக்கு மாறிவிட்டன. 2004, 2005-ஆம் வருஷங்களில் விலை தலைகுப்புற விழுந்தது. கடன் வாங்கிக் கொடி வைத்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். பலர் கொடியையே பிடுங்கி எறிந்தார்கள்.

அவ்வாறு பிடுங்கி எறிந்தவர்களுள் ஆனைமலை அடிவாரத்து நம் நண்பர் ஒருவரும் உண்டு. வேலியோரத்துக் கல்யாண முருங்கையில் ஏறியிருந்த ஒரு கொடி மட்டும் அவர் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு நாம் அங்கே சென்றிருந்தபொழுது, அதிலிருந்து கைநீளத் துண்டுகள் மூன்று வெட்டித் தந்தார். "இதை வைத்துப் பணம் பண்ணலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், வாத்தியார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு வேதனை இருந்தது என்பதை நாம் அறிவோம்.

இனி வளர்க்கும் முறை.

இக்கொடிக்கு வேண்டியவை வெதுவெதுப்பும் ஈரக் காற்றும். 21 முதல் 32 டிகிரி வரை உஷ்ணமும், வருஷத்துக்கு 150 முதல் 300 சென்டிமீட்டர் வரை மழையும் உள்ள இடங்கள் அதற்குப் பிறந்தகம் போன்றவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களும், கன்னியாகுமரிப் பக்கமும் ஏற்றவை. சென்னை, மதுரை, திருச்சி வாசகர்கள் தொட்டியில் வைத்து, நிழல்வலை கட்டி, காலையும் மாலையும் நீர் தெளித்து வந்தால் கொடி பிழைக்கும். ஆனால் அங்கே பூவும் காயும் எளிதில் கிட்டா என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கும்பகோணத்துச் சகோதரியும் கொல்லைக் கிணற்றடியில், வாழைக்கும் தென்னைக்கும் நடுவே, ஈரமும் அரை நிழலும் உள்ள இடமாகப் பார்த்துத்தான் முயல வேண்டும்.

முதிர்ந்த ஆனால் காய்க்காத கொடியிலிருந்து ஒரு மீட்டர் நீளத் துண்டு எடுங்கள். அடிப்பகுதியில் மூன்று நான்கு இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் நிழலில் போட்டு வாடவிடுங்கள். வெட்டுவாய் காய்வதற்காகவே இது. பச்சை வெட்டுவாயை மண்ணில் வைத்தால் அழுகிவிடும். வெட்டும்போது சாறு மேலே பட்டால் சிலருக்கு அரிப்புக் காணும். குழந்தைகளை விலக்கி வையுங்கள்.

ஏறுவதற்கு உயிருள்ள மரமே நல்லது. கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, அரளி வகையான பெருங்கள்ளி போன்றவை ஏற்றவை. ஆள் உயரத்தில் கவை பிரியும் மரமாக இருக்க வேண்டும். மரத்தடியில் குழி தோண்டக் கூடாது. மக்கிய இலையும் மட்கிய சாணமும் மேலாகப் பரப்பி, இலை கிள்ளிய கணுக்களை அதில் படுக்கவைத்து, மேலே சருகு மூடினால் போதும். நுனிப் பகுதியை மரத்தோடு வாழை நாரால் தளர்த்தியாகக் கட்டுங்கள். இதன் வேர் மண்ணுக்குள் ஆழ்ந்து போவதில்லை. மேலே கிடக்கும் சருகிலேயே உலாவும். ஆகையால் மண்வெட்டியைக் கிட்டக் கொண்டுவராதீர்கள். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள். வனிலாவுக்குப் பெரிய சத்துரு வேரழுகல் நோய். தண்ணீர் இல்லாமல் வாடின கொடியைக் காப்பாற்றலாம். தண்ணீர் தேங்கி அழுகின கொடியைக் காப்பாற்ற இயலாது.

கொடியை அதன் இஷ்டத்துக்கு விட்டால் மரத்தின் உச்சிவரை ஏறிவிடும்; ஏறிக்கொண்டேயிருக்கும் வரையில் பூக்க மனம் வராது. ஆள் உயரத்துக்கு வந்ததும் கவையின்மேல் மடக்கித் தொங்கவிட வேண்டும். தலைகீழாகத் தொங்கும் பகுதியில்தான் பூங்குலை பிறக்கும். பூக்கும் பருவத்துக்கு ஆறேழு வாரம் முன்பு நுனியைச் சாண் அளவு கிள்ளிவிட்டால் குலைகள் மிகும். நட்ட மூன்றாம் வருஷத்தில் பூ எதிர்பார்க்கலாம். நம் நாட்டில் பெரும்பாலும் மார்கழிக்குப் பின் கோடைத் தொடக்கம் வரையில் பூக்கும்.

இவ்வளவும் செய்தோம். மூன்றாம் வருஷம் தை மாதத்தில் நம் வீட்டுக் கல்யாண முருங்கையில் முதல் குலை தோன்றியது. அன்று வீட்டில் அடைந்த ஆனந்தம் சொல்லி முடியாது. இளமஞ்சளும் இளம்பச்சையும் கலந்த பூ, மெல்லிய மணம். ஆனால் ஒரு குலையில் 15, 20 மொட்டு இருந்தாலும், நாளொன்றுக்கு ஒன்று இரண்டுதான் மலரும். விடியற்காலையில் மலர்ந்த பூ பிற்பகலில் வாடிவிடும். அதன் ஆயுள் அவ்வளவே. மறுநாள் காலையில் பார்த்தால் பூ உதிர்ந்து கீழே கிடந்தது. அடுத்த பூவும் அப்படியே. ஒரு வாரத்தில் பத்துப் பூக்கள் உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

காரணம் பூவின் அமைப்பிலேயே இருக்கிறது. மகரந்தமும் சூல்முடியும் ஒரே பூவினுள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. ஆயினும் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய நாக்குப் போன்ற தடுப்பு விழுந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும் திரை போட்டுக்கொண்டு பேசாமலிருக்கும் இரு பங்காளிகளைப் போல! தாய்நாடான மெக்ஸிகோவில் அங்கேயுள்ள தேனீக்கள் எப்பொழுதேனும் அந்தத் திரையை விலக்குவதுண்டு. மற்ற நாடுகளில் அதைச் செய்ய ஒரு பூச்சியும் இல்லை.

இந்த இடத்தில்தான் நாம் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினோம். அப்பொழுது ஒரு சிறுவனின் சரித்திரம் எதிர்ப்பட்டது.

மெக்ஸிகோவின் கிழக்குக் கரையில், வேராக்ரூஸ் பகுதியில் வாழும் டோட்டோனாக் என்னும் மக்கள் வனிலாவைப் பயன்படுத்திய மிகப் பழைய குடிகள். அவர்களை வென்ற ஆஸ்டெக் அரசர்கள் காய்களைக் கப்பமாகப் பெற்று, சாக்லெட் பானத்தில் கலந்து பருகினார்கள். 1521-இல் ஸ்பானியர் ஆஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினார்கள். அவர்கள் மொழியில் சிறு உறை என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததே வனிலா என்ற பெயர். ஐரோப்பியர் கொடியைக் கொண்டுபோய்க் கண்ணாடி வீடுகளில் வளர்த்தார்கள். கொடி தழைத்தது, காய் மட்டும் இல்லை. மூன்று நூற்றாண்டு வரையில் இதுவே நிலைமை. 1836-இல் பெல்ஜியத்து லியேஜ் நகரில் சார்ல் மோரன் என்ற தாவர சாஸ்திரி கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆயினும் அவர் கண்ட வழி தோட்டங்களில் புழக்கத்துக்கு வரவில்லை.

இந்து மகாசமுத்திரத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அக்காலத்தில் அதற்குப் பூர்போன் என்று பெயர். அங்கே ஸாந்த்-ஸுஸான் என்ற ஊரில் 1829-இல் ஒரு குழந்தை பிறந்தது. தாய் ஓர் அடிமைப் பெண், பிரசவத்திலேயே இறந்தாள். அடிமையின் குழந்தை அடிமையே என்பது அக்காலத்துச் சட்டம். எட்மண் என்ற பெயரைத் தவிர அதற்கு வேறு பெயரும் இல்லை. அதை வளர்த்த எஜமானர் பெல்யே-போமோன் என்பவர் செடிகொடிகளில் பிரியமுள்ளவர். சிறுவனைத் தோட்டத்தில் கூடவே அழைத்துச் செல்வார். தர்ப்பூசணிப் பூவில் கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி என்றும் காட்டிக் கொடுத்தார். ஆனால் எழுத்து கற்பிக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் இருபது வருஷமாகக் காய்க்காத வனிலாக் கொடி ஒன்று இருந்தது. 1841-இல் ஒருநாள் அதில் இரண்டு காய்கள் தொங்குவதைக் கண்டு எஜமானர் பிரமித்தார். "நான்தான் செய்தேன்" என்றான் பன்னிரண்டு வயது எட்மண். அவர் நம்பவில்லை. சில நாள் கழித்து மறுபடியும் காய் பிடித்திருந்தது. "எங்கே, செய்து காட்டு" என்றார். சிறுவன் ஒரு மூங்கில் சிம்பை எடுத்தான். பூவின் உதட்டை விலக்கினான். நடுவிலிருந்த அந்த நாக்கை மேலே நெம்பினான். கட்டைவிரலால் மெல்ல அழுத்தினான். சில விநாடிகளில் வேலை முடிந்தது.

எஜமானர் சிறுவனை மற்றத் தோட்டங்களுக்கும் அனுப்பிக் கற்றுக்கொடுக்கச் செய்தார். 1848-இல் ரீயூனியனிலிருந்து ஏற்றுமதியான வனிலா சுமார் 50 கிலோ. 1898-இல் சுமார் 200 டன். இன்று மடகாஸ்கரிலும் இந்தோனேஷியாவிலும் நம் நாட்டிலும் வனிலா காய்ப்பது அந்தச் சிறுவன் கண்ட முறையால்தான். இதற்குப் பதிலாக இயந்திரமொன்றும் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை.

அவனுக்குக் கிடைத்தது என்ன? 1848-இல் பிரெஞ்சு அரசாங்கம் அடிமைத்தனத்தை ஒழித்தது. எட்மணுக்கு விடுதலையும் அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன, வேறொன்றும் கிடைக்கவில்லை. பட்டணத்துக்குப் பிழைக்கப் போனார்; நகைத் திருட்டு வழக்கில் சிக்கிக் கடுங்காவல் தண்டனை பெற்றார். தீவுக்கு அவர் செய்த நன்மையை எடுத்துக்காட்டிப் பழைய எஜமானர் மனுச் செய்த பிறகே தண்டனை குறைந்தது. இதற்கிடையில், தீவின் அரசாங்கத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்த ரிஷார் என்ற தாவர நிபுணர், அந்த முறையை முதலில் காட்டியவர் தாமே என்று சொல்லிக்கொண்டார். பெல்யே-போமோன் சும்மா இருக்கவில்லை. கண்டுபிடித்தவன் எட்மண்தான் என்று எழுத்து மூலம் சாட்சி சொன்னார். அந்தக் கடிதம் இராவிட்டால், இன்று நாம் அப்பெயரை அறிந்திருப்போமா என்பது சந்தேகமே. 1880 ஆகஸ்டு மாதம், பிறந்த ஊரின் ஆஸ்பத்திரியில், வறுமையில் அல்பியஸ் இறந்தார்.

அடிமைகள் விடுதலையான பிறகு அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் யார் தெரியுமோ? புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து சென்ற நம் தமிழ் மக்களே. அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே கோயில் கட்டித் தீமிதி நடத்துகிறார்கள். ஆகையால் எட்மணின் துயரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இது நிற்க. இந்தச் சரித்திரத்தை ஒருநாள் ஏழாம் வகுப்பில் சொன்னோம். அடுத்த சனிக்கிழமை காலையில், எதிர்வீட்டில் குடியிருக்கும் மாணவி ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். வயது பன்னிரண்டு. தகப்பனார் தேங்காய் மண்டியில் வேலை செய்கிறார். நாம் அப்பொழுது மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஊசியால் பூவைக் கிழித்துக் கொண்டிருந்தோம். அதுவரை நாம் தொட்ட பூக்களில் ஒன்றும் நிற்கவில்லை. விரல் தடித்தது, கண்ணும் மங்கல்.

"நான் ஒரு தடவை பண்ணிப் பார்க்கட்டுமா, ஸார்?" என்றாள்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை ஒடித்து நுனியை மழுக்கிக்கொண்டாள். இடது கையால் பூவைத் தாங்கினாள். உதட்டைக் கீழே தள்ளி, நாக்கை மேலே தூக்கி, கட்டைவிரலால் அழுத்தினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் பூ வாடியது, ஆனால் உதிரவில்லை. வாடிய பூ காம்பில் ஒட்டிக்கொண்டு நின்றால் காய் பிடித்தது என்று அர்த்தம். அந்தப் பருவத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் தினந்தோறும் வந்து, குலைக்கு எட்டுப் பூவுக்கு மேல் போகாமல், அவளே சேர்த்துவைத்தாள். அளவு மிஞ்சிக் காய்க்கவிட்டால் கொடி இளைத்துப் போகும். ஆறு வாரத்தில் காய்கள் ஒரு சாணுக்கு மேல் நீண்டு, அவரைக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்குவது போல் தொங்கின. மொத்தம் 31 காய்கள்.

வனிலா காய்த்திருக்கிறது என்று தெருவில் செய்தி பரவியது. ஒருநாள் நம் தலைமையாசிரியர் நண்பர்களோடு பார்க்க வந்தார். "அபாரம்! இது எப்படி ஸாத்தியமாயிற்று?" என்று கேட்டார். "புத்தகங்களைப் பார்த்து நாங்களே செய்ததுதான்" என்று சொல்லிவிட்டோம். எண்ணிச் சொன்னதன்று, நாக்கில் தானாக வந்த வார்த்தை. வந்தவர்கள் பாராட்டினார்கள். அப்பொழுதுதான் திரும்பிப் பார்த்தோம். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சருகின்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ரிஷாரைப் பற்றி வகுப்பில் எவ்வளவு கோபமாகப் பேசினோம்! அவர் செய்ததற்கும் நாம் செய்ததற்கும் என்ன வேற்றுமை? அவர் பெரிய தோட்டத்தின் தலைவர், நாம் ஒரு சாதாரண வாத்தியார், அவ்வளவுதானே? படித்தவன் வாயில் "நாங்கள்" என்ற சொல் எவ்வளவு எளிதாக அடுத்தவன் உழைப்பை விழுங்கிவிடுகிறது!

மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், தலைமையாசிரியர் முன்னிலையில், பிள்ளைகள் அனைவரும் கேட்க உண்மையைச் சொன்னோம். அவள் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்தோம். வெட்கப்பட்டுக்கொண்டு வந்து நின்றாள். "முந்தின நாள் நான் தவறாகச் சொன்னேன்" என்று சொல்ல நமக்கும் நாக்குக் கூசத்தான் செய்தது. சொல்லி முடித்த பிறகு மனத்தில் இருந்த பாரம் இறங்கிற்று. அந்த வாரமே நாலைந்து பிள்ளைகள் ஈர்க்கும் கையுமாக அவளிடம் பாடம் கேட்க வந்தார்கள். நாமும் அவர்களோடு ஒருவராக நின்று கற்றுக்கொண்டோம்.

காய் முதிர எட்டொன்பது மாதம் ஆகும். நுனி மஞ்சள் நிறமாகத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும், விட்டுவிட்டால் வெடித்துவிடும். பறித்த காயை முகர்ந்து பார்த்து ஏமாந்து போகாதீர்கள். பச்சைக் காயில் மணம் இல்லை; வனிலின் அங்கே சர்க்கரையோடு பிணைந்து உறங்குகிறது. அதை எழுப்புவதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. 65 டிகிரிச் சூடான நீரில் காய்களை மூன்று நிமிஷம் முக்கி எடுங்கள். உடனே கம்பளியில் சுற்றி மூடிய பெட்டியில் வையுங்கள். இரவு முழுவதும் வியர்த்துக் கிடக்கட்டும். பிறகு ஒரு வாரம் பத்து நாள் வரையில் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் வெயில். மற்ற நேரமெல்லாம் கம்பளி. காய் சாக்லெட் நிறமாக மாறிச் சுருங்கும். அப்புறம் நிழலில் தட்டில் பரப்பி மூன்று நான்கு வாரம் உலர்த்தி, கடைசியில் காகிதத்தில் சுற்றி மூடிய டப்பாவில் இரண்டு மூன்று மாதம் வைக்க வேண்டும். பூஞ்சணம் பூத்த காயை அவ்வப்போது நீக்குங்கள். ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ பக்குவக் காயாகும். ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் பொறுமை காட்டிப் பழகிய நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது பெரிய காரியமன்று. நம் இல்லாள் மாவடு ஜாடிக்குக் காட்டும் அக்கறையை அந்த டப்பாவுக்கும் காட்டினாள்.

இறுதியில் டப்பாவைத் திறந்தபோது கூடமெல்லாம் மணத்தது. ஒரு காயைக் கீறி, உள்ளே உள்ள கரிய பொடி விதைகளைச் சுரண்டிப் பாலில் போட்டுக் காய்ச்சினால் போதும். குடும்பம் முழுவதும் அடுக்களைக்கு வந்துவிடும். சுரண்டிய தோலை எறியாமல் சர்க்கரை ஜாடியில் புதைத்து வைத்தால், சில நாளில் சர்க்கரையும் மணக்கும். பாயஸத்தில் ஏலக்காயைத் தள்ளிவிட்டு இதை ஏற்ற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் ஏலத்துக்கு அவ்வளவு நன்றி கெட்டவர்கள் அல்லோம்.

31 காய்களில் பழுதின்றித் தேறியவை 26. அவற்றில் பாதியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தோம். அவள் தகப்பனார் வாங்க மறுத்தார். "வாத்தியார் வீட்டுக் கொடிங்க, எங்களுக்கு எதுக்குங்க?" என்றார். "கொடி எங்களுடையது, காய் உங்கள் பெண்ணுடையது" என்று சொல்லிக் கையில் வைத்துவிட்டு வந்தோம். ஒரு கொடித் துண்டும் கொடுத்தோம். அது இப்பொழுது அவர்கள் வேலி முருங்கையில் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஆதலால், கும்பகோணத்துச் சகோதரியே, தங்கள் பெண்ணுக்கு இப்படி விடை சொல்லுங்கள். வனிலா ஒரு கொடி. அது பெரும்பாலும் தானாகக் காய்ப்பதில்லை. ஒவ்வொரு காயையும் ஒரு மனிதக் கை தொட்டுக் காய்க்க வைத்திருக்கிறது. அந்த வித்தையை உலகத்துக்குக் கொடுத்தவன் அவளை ஒத்த வயதுச் சிறுவன். அவன் பெயர் எட்மண் அல்பியஸ். வளர்க்க விரும்பினால் வளருங்கள். விலையை நம்பி வயலை மாற்ற வேண்டாம்; ஒரு மரத்தில் ஒரு கொடி போதும். பூக்கும் காலம் வந்ததும் ஈர்க்கைக் குழந்தையின் கையில் கொடுங்கள். காய்த்த பின் யாராவது வந்து, "இது யார் செய்தது?" என்று கேட்டால், குழந்தையின் பெயரைத் தவறாமல் சொல்லுங்கள்.